ஏற்காடு ஏறும் சைக்கிளுக்கு நீளமான ஃபோர்க்: காசு கட்டும் முன் அளக்க வேண்டியவை

இருபது, முப்பதாயிரத்துக்கு வாங்கிய மலைச் சைக்கிளில் பெரும்பாலும் 80 அல்லது 100 மி.மீ. டிராவல் உள்ள ஸ்பிரிங் ஃபோர்க்தான் இருக்கும். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை; டிராவல் என்பது அது அமுங்கும் தூரம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தார் ரோட்டிலேயே ஏறி இறங்குகிறவருக்கு அது தாராளம். சேர்வராயன் மலையில் தார் ரோட்டை விட்டு விலகி, ஜீப் போகிற கல் பாதையில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் முன்சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் எகிறும், மணிக்கட்டு வலிக்கும், 'இன்னும் கொஞ்சம் டிராவல் இருந்தா நல்லா இருக்குமே' என்று தோன்றும்.

தோன்றியதிலிருந்து மாட்டி முடிக்கிற வரை நான் அலைந்தது சும்மா அலைச்சல் இல்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார், விற்கிறவர் வேறொன்று சொல்வார், பார்சல் வந்து பிரித்தால் மூன்றாவதாக ஒன்று இருக்கும். சேலத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்யப் போகிறவர்களுக்காக, எந்த வேலை முதலில், எது பிறகு என்று எழுதுகிறேன்.

1. டிராவல்தான் குறையா என்று முதலில் பாருங்கள்

ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டு வருஷம் ஓடினால் உள்ளே கிரீஸ் காய்ந்து, சீலுக்குள் செம்மண் ஏறி, பாதி தூரம்தான் அமுங்கும். 100 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 50, 60தான். ஃபோர்க்கின் மேல்குழாயில், அதாவது கீழ்க்காலுக்குள் இறங்கி ஏறும் குழாயில், ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி, கீழ்க்கால் வாயில் இருக்கும் ரப்பர் சீலை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு ஒரு இறக்கம் இறங்கிப் பாருங்கள். டை எவ்வளவு மேலே போயிருக்கிறதோ, அவ்வளவுதான் நீங்கள் பயன்படுத்திய டிராவல். முழுக்கப் போகவில்லையென்றால் சர்வீஸ் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

2.1 அங்குல டயரை 2.35-க்கு மாற்றி காற்றைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் செய்த பிறகும் போதவில்லை என்றால் அடுத்ததற்கு வாருங்கள்.

இன்னொன்று: ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே காற்று அடைத்த 100 மி.மீ. காற்று ஃபோர்க், 120 மி.மீ. மட்டமான ஸ்பிரிங் ஃபோர்க்கை விட எல்லா இடத்திலும் நன்றாக ஓடும். எடையும் ஏறக்குறைய அரைக் கிலோ குறையும். பட்ஜெட் இடித்தால் டிராவலை விட்டுக்கொடுங்கள், தரத்தை விடாதீர்கள்.

2. ஃப்ரேம் எவ்வளவு தாங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

சைக்கிள் வாங்கிய பில், மாடல் பெயர், வருஷம், ஃப்ரேம் சைஸ், பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும் சீரியல் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனியின் கையேட்டில் 'அதிகபட்ச ஃபோர்க் டிராவல்' அல்லது 'ஆக்சிலிலிருந்து கிரவுன் வரை அதிகபட்ச நீளம்' என்று ஒரு வரி இருக்கும் (ஆக்சில் சக்கர அச்சு; கிரவுன் ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் தோள்). இல்லையென்றால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதுவரை எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். கடை கவுன்டரில் கிடைக்கும் 'அதெல்லாம் தாங்கும் சார்' என்ற வாய்வார்த்தை வாரன்டிக்கு உதவாது. சொன்ன வரம்பைத் தாண்டி ஃபோர்க் போட்டு ஃப்ரேம் விரிசல் விட்டால் பெரும்பாலான கம்பெனிகள் கைவிரித்துவிடும்.

ஏன் இவ்வளவு கறார்? ஃபோர்க் நீளமாக ஆக, ஒவ்வொரு அடியும் ஹெட் டியூபும் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) டவுன் டியூபும் (அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) சேரும் வெல்டிங்கில் கூடுதல் நெம்பாக இறங்கும். முன்பக்கத்தில் ஃப்ரேம் விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஓட்டும் விதமும் மாறும். நீளம் 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ 1 டிகிரி சாயும். சீட்டும் அதே 1 டிகிரி பின்னால் சாயும். பெடல் அச்சு 7 மி.மீ. அளவுக்கு உயரும். இறக்கத்தில் இது சுகம், முன்சக்கரம் நிதானமாக நிற்கும். ஏற்றத்தில்தான் வினை. கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம், செங்குத்தான இடத்தில் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் லேசாகி, இடதும் வலதுமாக அலையும்.

என் கணக்கு இது: எழுத்தில் அனுமதி இருந்தால் 30 வரை, வரம்பு தெரியாத ஃப்ரேமில் பழைய ஃபோர்க்கை விட 20 மி.மீ.க்கு மேல் வேண்டவே வேண்டாம். 100-லிருந்து 120 போதும். 100-லிருந்து 140 என்று ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு வேறு சைக்கிளே வாங்கிவிடலாம்.

3. அளவுகள்: இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான்

வெர்னியர் காலிப்பர், டேப், ஒரு நோட்டு. அரை நாள் ஒதுக்குங்கள்.

முதலில் நீளம். முன் ஆக்சிலின் நடுவிலிருந்து, ஹெட்செட்டின் (ஹெட் டியூபின் மேலும் கீழும் இருக்கும் பேரிங் செட்) கீழ் வளையம் உட்காரும் கிரவுன் மேற்பரப்பு வரை நேராக அளக்க வேண்டும். ஃபோர்க் அமுங்காமல், சக்கரம் தரையை விட்டுத் தூக்கிய நிலையில் அளக்க வேண்டும். டிராவல் எண்ணை விட இந்த எண்தான் முக்கியம். '120' என்று ஒட்டியிருக்கும் இரண்டு ஃபோர்க்குகளுக்கு நடுவே நீளத்தில் 10 மி.மீ.க்கு மேலும் வித்தியாசம் வரும். 29 அங்குல சக்கரத்துக்கான ஃபோர்க், அதே டிராவலில், 27.5-க்கானதை விட 15, 20 மி.மீ. நீளம் கூட. '27.5 சைக்கிள்ல 29 ஃபோர்க் தாராளமா போகும்' என்று விற்பார்கள். போகும்தான், ஆனால் 20 மி.மீ. டிராவல் கூட்டியதோடு இன்னொரு 20-ம் சேர்ந்து ஏறிவிடும்.

அடுத்தது ஸ்டியரர் குழாய், அதாவது ஹெட் டியூபுக்குள் நுழையும் தண்டு. பழைய, விலை குறைந்த சைக்கிள்களில் மேலும் கீழும் ஒரே பருமன், 28.6 மி.மீ. இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் கீழே பருத்த டேப்பர் வகை: கிரவுன் வளையம் உட்காரும் இடத்தில் 39.8 மி.மீ.; நேர்குழாயில் அது 30.0. உங்கள் ஹெட் டியூபின் உள்விட்டம் 34 மி.மீ. என்றால் டேப்பர் ஃபோர்க் நுழையாது, வேறு பேச்சே இல்லை. 44 மி.மீ. என்றால் கீழே வெளிப்புறக் கப் உள்ள ஹெட்செட் போட்டு நுழைக்கலாம். அந்தக் கப் 10 மி.மீ. அளவுக்கு முன்பக்கத்தைத் தூக்கும் என்பதையும் மேலே சொன்ன நீளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டியரரின் உயரம்: ஹெட் டியூப் நீளம், ஹெட்செட் மேல்கீழ் உயரம், ஸ்பேசர்கள் (இடைவெளிக்குப் போடும் வளையங்கள்), ஸ்டெம் (ஹேண்டிலைத் தாங்கும் துண்டு) பிடிக்கும் உயரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். சாதாரணமாக 180-லிருந்து 210 மி.மீ. வரை வரும். பழைய ஃபோர்க் வாங்கும்போது இது உயிர்நாடி. முந்தைய ஓனர் தன் சின்ன ஃப்ரேமுக்கு 165-ல் அறுத்திருந்தால் உங்களுக்கு அது பழைய இரும்புதான். அறுத்த குழாயை நீட்ட முடியாது.

ஆக்சில்: உங்கள் சக்கரம் 9 மி.மீ. குயிக் ரிலீஸா, 15×100-ஆ, 15×110-ஆ (அச்சின் பருமன் × ஹப்பின் அகலம், மி.மீ.-ல்) என்று பாருங்கள். புது ஃபோர்க்குகள் பெரும்பாலும் 15×110. சில ஹப்களுக்கு முனை மூடி மட்டும் மாற்றினால் போதும். உதிரி பால்ஸ் போட்ட சாதா ஹப்புக்கு அந்த வழி இல்லை. புது ஹப் வாங்கி, ஸ்போக் கோத்து, கோட்டம் எடுக்க வேண்டும். 'ஃபோர்க் மட்டும்தானே' என்று ஆரம்பித்தவர்கள் சக்கரம் கட்டுவதில் போய் முடிவது இங்கேதான்.

பிரேக்: ரிம் பிரேக் சைக்கிள் என்றால் இந்த வேலையை மறந்துவிடுங்கள், நீள டிராவல் ஃபோர்க்குகளில் அதற்கான குமிழே இருக்காது. டிஸ்க் என்றால், ஃபோர்க் எத்தனை மி.மீ. ரோட்டருக்கு (பிரேக் தட்டுக்கு) அடித்தளம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 160-க்கு என்றால் அடாப்டர் வைத்து 180 ஆக்கலாம். 180-க்கு என்றே செய்ததில் 160 போட முடியாது. ஹைட்ராலிக் ஹோஸ் நீளமும் போதுமா என்று கைப்பிடியை முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் விடுவது. டவுன் டியூப் நேராக இறங்கும் ஃப்ரேம்களில், ஹேண்டிலைத் திருப்பும்போது ஃபோர்க் தலையில் உள்ள லாக்கவுட் (ஃபோர்க் அமுங்காமல் பூட்டும்) குமிழோ காற்று மூடியோ குழாயில் இடிக்கும். ஒருமுறை விழுந்தால் அலுமினியக் குழாய் நசுங்கும். கிரவுன் பருமனையும் குமிழ் உயரத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

4. எங்கே வாங்குவது, என்ன கேட்பது

சேலத்துக் கடைகளில் கைநீட்டி எடுக்கிற சரக்கு இல்லை இது. பெங்களூரு, கோவை, சென்னையிலிருந்து வரவழைப்பதுதான் வழக்கம். பஸ் பார்சலில் போட்டால் ராத்திரிக்கு ராத்திரி புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். அனுப்புகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: கீழ்க்கால்கள் நடுவே பிளாஸ்டிக் கட்டையோ ஆக்சிலோ மாட்டி அனுப்ப வேண்டும், மேல்குழாய்களில் பழைய டியூப் ரப்பரைச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் மூட்டைக்கு அடியில் கிடந்து வளைந்து வரும்.

புதிது என்றால் ஜிஎஸ்டி பில்லில் ஃபோர்க்கின் சீரியல் எண் ஏறியிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிப் பாகத்துக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது; பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

பழையது என்றால் நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். முடியாவிட்டால் வீடியோவில் இவற்றைக் காட்டச் சொல்லுங்கள்: ஸ்டியரர் நீளத்தை டேப் வைத்து, மேல்குழாய்களை வெயிலில் திருப்பித் திருப்பி, முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது புஷ்ஷில் (மேல்குழாய் வழுக்கி ஓடும் உள்வளையம்) ஆட்டம் இருக்கிறதா என்று, ஆக்சில் கூடவே வருகிறதா என்று. மேல்குழாய்க் கீறலில் நகம் சிக்கினால் சீல் சீக்கிரம் போகும், விட்டுவிடுங்கள். ஆக்சில் இல்லாமல் விற்கிறவர்கள் 'எங்க வேணா கிடைக்கும்' என்பார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனி மரையும் வேறு வேறு. தேடி வாங்க இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும்.

உங்களிடம் ஏற்கெனவே நல்ல காற்று ஃபோர்க் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ராக்‌ஷாக்ஸ் போன்ற கம்பெனிகளின் பல மாடல்களில் உள்ளே இருக்கும் ஏர் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றினால் 100 என்பது 120 ஆகும். ஃபோர்க்கின் சீரியல் எண்ணை வைத்துச் சரியான ஷாஃப்டைக் கண்டுபிடிக்க வேண்டும். செலவு புது ஃபோர்க்கில் ஒரு பகுதிதான். ஸ்டியரர், பிரேக், ஹப் எதையும் தொட வேண்டாம். கேட்டுப் பார்க்காமல் புதிது வாங்காதீர்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் விலை குறைவாகத் தெரியும். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. கூரியர்காரர் ஆதார், பான் நகல் கேட்பார். விலை எழுதிய இன்வாய்ஸ் இல்லாவிட்டால் பார்சல் நின்றுவிடும். நண்பர் சொன்னார் என்று இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் அபராதம், அதுவரை தாமதம். வாரன்டிக்கு அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்வார்கள் என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

5. செலவு

நான் விசாரித்த வரை, சுமாரான பழைய 120 மி.மீ. காற்று ஃபோர்க் எட்டிலிருந்து பதினைந்தாயிரம். புதிதில் ஆரம்பநிலைக் காற்று ஃபோர்க் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்தாயிரம். அதற்கு மேல் போனால் அறுபதாயிரத்தைத் தாண்டும். முப்பதாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு அது தேவையில்லாத வேலை.

பட்ஜெட்டைக் கவிழ்ப்பது ஃபோர்க் விலை இல்லை, அதன் கூட வருபவை. ஹெட்செட் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம். ஹப் மாற்றிச் சக்கரம் கட்டினால் நான்கிலிருந்து ஏழாயிரம். ரோட்டர், அடாப்டர் ஆயிரத்துக்கு மேல். ஷாக் பம்ப் (ஃபோர்க்குக்குக் காற்று அடிக்கும் கைப் பம்ப்) ஆயிரத்து ஐந்நூறு. இதைத் தவிர்க்க முடியாது. மாட்டுக்கூலி ஐந்நூறிலிருந்து ஆயிரம். ஃபோர்க் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

6. மாட்டுவது

டூ வீலர் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். அவர் கைத்திறனில் குறையில்லை. ஆனால் உளியும் சுத்தியலும்தான் கையில் இருக்கும். பழைய ஃபோர்க்கிலிருந்து கிரவுன் வளையத்தை உளி வைத்துத் தட்டி எடுப்பார், புதியதில் உளி வைத்தே தட்டி உட்கார வைப்பார், 'நல்லா உக்காந்துருச்சு சார்' என்பார். வளையத்தில் பள்ளம் விழுந்தால் பேரிங் ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஸ்டியரர் குழாய் உள்ளே நுழையும் அளவுள்ள பிவிசி பைப் ஒரு முழம் வாங்கி, முனையைச் சமமாக அறுத்து, வளையத்தின் மேல் நிறுத்தி, பைப்பின் மறுமுனையில் தட்டுங்கள். சத்தம் 'டொக் டொக்' என்று இருப்பது மாறி 'டங்' என்று கெட்டியாகும்போது வளையம் உட்கார்ந்துவிட்டது. பிறகு சுற்றிலும் வெளிச்சத்தில் பாருங்கள், வளையத்துக்கும் கிரவுனுக்கும் நடுவே கீற்றுக்கூடத் தெரியக் கூடாது.

ஸ்டியரரை அறுப்பதற்கு முன் எல்லாவற்றையும் மாட்டி, ஸ்டெம்முக்கு மேலே ஒரு 10 மி.மீ. ஸ்பேசரும் வைத்து, அதன் மேல்விளிம்பில் கோடு போடுங்கள். கழற்றி, கோட்டுக்கு 3 மி.மீ. கீழே அறுக்க வேண்டும். அந்த மிச்ச ஸ்பேசர் வீண் இல்லை. பிறகு ஸ்டெம்மை ஏற்ற இறக்க இடம் வேண்டும். பழைய ஸ்டெம் ஒன்றைக் குழாயில் மாட்டி அதன் விளிம்பையே வழிகாட்டியாக வைத்து, 32 பல் ஹாக்ஸா பிளேடால் நிதானமாக அறுங்கள். உள்ளும் புறமும் அரம் போடுங்கள். ஸ்டார் நட் (மேல்மூடி போல்ட் பிடிக்கும் நட்டு) குழாய் விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே, நேராக இறங்க வேண்டும்.

இறுக்கும் வரிசையில் தவறாதீர்கள். முதலில் மேல்மூடி போல்ட்டை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்க வேண்டும். பிறகு ஹேண்டிலை நேர் பார்த்து, ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்களை மாறி மாறி, ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு, பொதுவாக 5 நியூட்டன் மீட்டர். முன்பிரேக்கைப் பிடித்து, ஹெட்செட் இடுக்கில் விரல் வைத்து ஆட்டிப் பாருங்கள். விரலில் 'கிளிக்' என்று தட்டினால் இன்னும் தளர்வு. முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். விழாமல் நின்றால் அதிக இறுக்கம்.

7. காற்றும் சீட்டும்

பெட்ரோல் பங்க் காற்றை ஃபோர்க்கில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் அறை மிகச் சின்னது. கம்ப்ரசர் ஒரு நொடியில் அளவை மீறிவிடும். ஷாக் பம்ப் மட்டும்தான். பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று போவது பம்ப் குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கில் இருந்தது இல்லை. அதற்குப் பயந்து கூடுதலாக அடிக்காதீர்கள்.

தண்ணீர்ப் பை, ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, லாக்கவுட்டைத் திறந்துவிட்டு, சைக்கிளில் நின்ற நிலையில் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று மேல்குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தை வைத்துப் பாருங்கள். 120 மி.மீ.யில் 24-லிருந்து 30 இருக்கலாம். மலை ரோட்டில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குகிறவர்கள் 24 பக்கமே நில்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கம் குப்புறக் கவிழ்கிற மாதிரி அமுங்கும்.

'சேலத்தில் அடித்த காற்று மேலே போனால் மாறாதா?' என்று கேட்பார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஃபோர்க்கில் 2 பி.எஸ்.ஐ. கூடுகிற மாதிரி ஆகும். மேலே 10 டிகிரி குளிர்ச்சி என்றால் 3 பி.எஸ்.ஐ. குறையும். இரண்டும் கழிந்துவிடுகிறது, எதையும் தொட வேண்டாம்.

சீட்டை ரெயிலில் 5-லிருந்து 10 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். ஸ்டெம்முக்குக் கீழே உள்ள ஸ்பேசர் ஒன்றை மேலே மாற்றுங்கள். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைவது இந்த இரண்டிலேயே பெருமளவு அடங்கும்.

8. எப்போது ஆரம்பிப்பது

கம்பெனி பதில், பார்சல், ஹப், சக்கரம் கட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு மாதத்திலிருந்து ஆறு வாரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், ஆர்டர் போட்டு மாட்டி வைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த பாதையில் ஓட்டலாம். கனமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்துவதும் உண்டு. அந்தக் காலத்தில் சைக்கிள் பிரிந்து கிடந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் புது ஃபோர்க்கைச் சோதிக்க மேலே போகாதீர்கள்.

காபித் தோட்டத்துப் பாதைகள் தனியார் நிலம். காவலாளியிடம் இல்லை, எஸ்டேட் ஆபீஸில் கேட்டு, முடிந்தால் ஒரு வரி எழுதி வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு. அறுவடை மாதங்களில், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, தோட்டத்து ஜீப்பும் மூட்டை தூக்கும் ஆட்களும் அதே பாதையில்தான் வருவார்கள், ஓரங்கட்டி வழிவிடுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஸ்டெம், ஆக்சில், பிரேக் கேலிப்பர் போல்ட்களை மறுபடி பாருங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்து சீல் மேல் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்தால் போதும். பல காற்று ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்லியிருப்பார்கள். நம் செம்மண்ணுக்கு அது மிகை இல்லை.

பழைய ஃபோர்க்கை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். சைக்கிளை விற்கும்போதோ ஃப்ரேம் வாரன்டிக்கு அனுப்பும்போதோ அதை மாட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கிரவுன் வளையத்தைக் கழற்றாமல், ஆக்சிலோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி, பில் நகலையும் உள்ளே வைத்துப் பரண்மேல் போட்டுவிடுங்கள்.